செபமாலை அனுப்பிவைத்த சம்மனசு

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு வெளியே நிற்கும் ஆட்டோக்களில் செபமாலையின் ஆட்டோவில் மட்டும் ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் யாரும் உட்கார முடியாது. பின்னால் எத்தனை பேர் நெருக்கியடித்தாலும் சரி, முன்னால் ஒண்டிக்கொள்ள வருகிறவர்களை "அங்க ஆள் இருக்குங்க" என்று சொல்லி இறக்கிவிட்டுவிடுவாள். புதிதாக வருகிறவர்கள் அந்த வெற்றிடத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். பழகியவர்களுக்குத் தெரியும், அது அவளுடைய காவல் சம்மனசு, கண்ணுக்குத் தெரியாத தேவதூதர், உட்காரும் இடம்.

"ஏக்கா, ஓவர்லோடுன்னு போலீஸ் புடிச்சா ஒங்க ஆளுக்கும் சேத்தா ஃபைன் போடுவாங்க?" என்று ஸ்டாண்டுத் தலைவன் கண்ணன் கேட்பான்.

"அவருக்கு வெயிட்டு கிடையாதுப்பா" என்பாள் செபமாலை. அதைச் சிரிக்காமல்தான் சொல்வாள்.

அவளுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. வெள்ளோட்டுப் பக்கம் பிறந்தவள். எட்டு வயதில் ஞானோபதேச வகுப்பில் ஒரு கன்னியாஸ்திரி சொன்னதைப் பிடித்துக்கொண்டவள், இன்றுவரை விடவில்லை. ஒவ்வொரு மனிதருக்கும் பிறக்கும்போதே ஒரு சம்மனசை ஆண்டவர் கூட அனுப்புகிறார், கடைசி மூச்சுவரை அவர் விட்டுப் போவதில்லை என்று அந்தச் சிஸ்டர் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். யாரிடமாவது பேசப் பயமாக இருந்தால், உன் சம்மனசை முதலில் அனுப்பு. அவர் போய் அந்த ஆளுடைய சம்மனசிடம் பேசிவைப்பார், பிறகு நீ போகலாம் என்றார். அன்று சாயங்காலமே செபமாலை தன் சம்மனசைக் கணக்கு வாத்தியாரின் சம்மனசிடம் அனுப்பினாள். மறுநாள் வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் அந்தப் பாடத்தை மறந்துபோனார்கள். செபமாலைக்கு எப்படி மறக்கும்?

கல்யாணமாகி மேட்டுப்பட்டிக்கு வந்தாள். கணவன் பிலவேந்திரன் நூல் மில்லில் வேலை பார்த்தான். அவளும் பத்து வருஷம் அதே மில்லுக்குப் போனாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் அடைத்து இழுப்பு வந்தபோது, இனி மில் வாசலையே மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் பெண்களுக்கு ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு. லைசென்ஸுக்கு எட்டுப் போட்டுக்காட்டப் போன நாளில் சம்மனசை விடியற்காலையிலேயே பிரேக் இன்ஸ்பெக்டரின் சம்மனசிடம் அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினாள். எட்டில் கீழ்வட்டம் முடியும் இடத்தில் வண்டி நின்றுபோய் ஃபெயிலானாள்.

"என்னடி, ஒஞ் சம்மனசு?" என்றான் பிலவேந்திரன்.

"அவருக்கும் இது புது ஆபீஸுதானங்க. இன்னொருக்கா போனா பழகிரும்."

அடுத்த தடவை பாஸானாள்.

பிலவேந்திரன் கோயிலுக்குப் போகிறவன்தான், பூசை தவறவிடாதவன்தான். ஆனால் சம்மனசை இப்படித் தபால்காரர் மாதிரி வேலை வாங்குவது அவனுக்கு ஒப்பவில்லை. அவள் எல்லாவற்றுக்கும் அனுப்பினாள். கவுன்சிலரைப் பார்க்கப் போனால் அனுப்பினாள். வாடகைக்கு இருந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் கேட்கப் போனால் அனுப்பினாள். தினமும் பேகம்பூரிலிருந்து அவள் ஆட்டோவில் பள்ளிக்கூடம் போகும் நர்கீஸ் டீச்சருக்கு மட்டும் இதில் வியப்பே இல்லை. "எங்களுக்கு ரெண்டு மலக்குங்க, செபமாலை. ரெண்டு தோள்லயும் ஒக்காந்து எழுதிக்கிட்டே இருப்பாங்க" என்பார் டீச்சர். அப்படியானால் காலை ஏழரை மணி சவாரியில் மொத்தம் எத்தனை பேர் போகிறோம் என்று இருவரும் பேசிச் சிரித்துக்கொள்வார்கள்.

ஆனால் ஒரே ஒரு வேலை மட்டும் சம்மனசுக்குப் பதினோரு வருஷமாக முடியாமல் கிடந்தது. அது அவள் அண்ணன் இன்னாசியின் விஷயம்.

இன்னாசி அவளுக்கு ஆறு வயது மூத்தவர், கூடப் பிறந்த ஒரே ஆள். தொப்பம்பட்டிப் பக்கம் பெண் எடுத்து அங்கேயே தோட்டம் பார்த்து முருங்கை போட்டு நிலைத்துவிட்டார். தன் மகள் பவித்ரா கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளன்று செபமாலை வீட்டு முன்னால் பந்தல் போட்டுப் பிரியாணி போட்டாள். இன்னாசியின் மாமனார் வீட்டு ஆட்கள் பந்தியில் உட்கார்ந்த நேரம் பார்த்துப் பிரியாணி தீர்ந்துபோனது. வெறும் சோறும் குழம்பும் வந்தது. இன்னாசி எழுந்து சமையல்காரரைச் சத்தம் போட்டார். செத்த நேரத்தில் பெண்டாட்டியையும் மாமனார் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டுப் போனவர்தான், அதற்குப் பிறகு பேசவே இல்லை.

போன் போட்டால் எடுக்கவில்லை. ஒருமுறை செபமாலையும் பிலவேந்திரனும் தொப்பம்பட்டிக்கே போனார்கள். அண்ணன் பெண்டாட்டி மலர்விழி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர்கள் வருவதைப் பார்த்துப் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குப் போன இன்னாசி, அவர்கள் கடைசிப் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை வரவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலை ஐந்து மணிக்குக் கோயில் மணி அடிக்கும்போது செபமாலை எழுந்து உட்கார்ந்து, "எங்கண்ணனோட சம்மனசுகிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க. தங்கச்சி பிரியாணிச் சட்டிய எட்டிப் பாக்காம விட்டது தப்புத்தான்னு சொல்லுங்க" என்று அனுப்பிவைப்பாள்.

"பதினோரு வருசமா தொப்பம்பட்டிக்குப் போய்ட்டுப் போய்ட்டு வாராரே, கால் வலிக்காதா அவருக்கு?" என்பான் பிலவேந்திரன் போர்வைக்குள்ளிருந்து.

"அவருக்கு ஏதுங்க காலு" என்பாள்.

போன டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. பனி இறங்கி மலைக்கோட்டை பாதிக்கு மேல் தெரியாத காலை. நர்கீஸ் டீச்சர் காய்ச்சல் என்று போன் செய்து லீவு சொல்லிவிட்டதால், வழக்கமாகப் பேகம்பூருக்குப் போகிற நேரத்தில் செபமாலை ஸ்டாண்டில் நின்றாள். காக்கிச் சட்டையின் மேல் பிலவேந்திரனின் பழைய ஸ்வெட்டர், தலையில் மங்கி குல்லா. கண்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

ஒட்டன்சத்திரம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, காலால் தரையைத் தடவித் தடவி வந்தார். முதலில் நின்ற ஆட்டோவின் கம்பியைக் கையால் தேடிப் பிடித்து ஏறிக்கொண்டார்.

"கண்ணாஸ்பத்திரிக்குப் போவணும் தம்பி. பாத்து மெதுவாப் போப்பா, எனக்குப் பார்வ செரியில்ல."

தலை முழுக்க நரைத்திருந்தது. ஆனால் அந்தக் குரலை எங்கே கேட்டாலும் செபமாலைக்குத் தெரியும். அண்ணன்தான்.

குல்லாவைக் கழற்றி எறிந்துவிட்டு "அண்ணே" என்று கூப்பிடத்தான் முதலில் வாய் வந்தது. பின்வாசல் வழியாகப் போனவர் ஆயிற்றே, இறங்கிப் போய்விட்டால் என்ன செய்வது என்று அடுத்த நொடியே தோன்றியது. பார்வை வேறு தெரியாதவர், இந்த நெரிசலில் எங்கே போய் முட்டுவார்? அவள் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டி, வண்டியைக் கிளப்பினாள். பக்கத்தில் காலியாயிருந்த இடத்தை ஒருமுறை பார்த்தாள். 'இம்புட்டுத் தூரம் கூட்டியாந்துட்டீங்க. இனி நான் என்ன பேசன்னும் நீங்களே சொல்லிருங்க' என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

ஆட்டோ திரும்புவதற்குள் பின்னால் போன் அடித்தது. இன்னாசி தடவித் தடவி எதையோ அழுத்த, மலர்விழியின் குரல் ஸ்பீக்கரில் சத்தமாக வந்தது.

"ஏனுங்க, எறங்கீட்டீங்களா? ஒங்க கூட்டாளி வந்துட்டாருங்களா?"

"வந்துட்டாரு, வந்துட்டாரு. பக்கத்துலதான் ஒக்காந்துருக்காரு. நீ காய் எடுக்குற வேலையப் பாரு."

"தனியாப் போவாதீங்கன்னு சொன்னனுங்க."

"தனியா இல்லன்னு சொல்றன்ல" என்று போனை வைத்தார். பக்கத்து இருக்கையில் துணிப்பையைத் தவிர யாரும் இல்லை. அண்ணன் பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டு உண்மையைத்தான் சொல்கிறார் என்று செபமாலைக்குப் பட்டது. குல்லாவுக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பயந்தவர்கள் பேசிக்கொண்டே வருவார்கள் என்பது அவளுக்குப் பதின்மூன்று வருஷ ஆட்டோவில் தெரிந்த விஷயம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். இன்னாசியும் பேசினார். ரெண்டு கண்ணிலும் புரை என்றார். முருங்கைக்காய்க்கும் பாம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் போனபிறகுதான் டாக்டரிடம் போனதாகச் சொன்னார். கண்ணுக்குள் கத்தி வைப்பார்களாமே என்று அவளிடமே கேட்டார்.

"வலிக்காதுங்க" என்றாள் செபமாலை, தொண்டையை அடைத்துக் குரலைக் கனமாக்கிக்கொண்டு.

"ஒனக்கும் சளி புடிச்சிருக்காப்பா? பனி அப்படித்தான் பெய்யுது. எந்த ஊரு தம்பி?"

"மேட்டுப்பட்டி."

இன்னாசி துணிப்பையை மடிக்கு இழுத்துக்கொள்வது கண்ணாடியில் தெரிந்தது.

"மேட்டுப்பட்டியில எந்தங்கச்சி இருக்கா. செபமாலைன்னு. ஒன்னாட்டம் ஆட்டோ ஓட்டுறவதான். தெரியுமா?"

"தெரியும்."

"நல்லாருக்காளா?"

"இருக்காங்க."

"இழுப்பு இருந்துச்சே அவளுக்கு. பனிக்காலம் வந்தா தூங்க மாட்டா."

"இப்ப இல்லையாம்." அவள் வேகத்தைக் குறைத்தாள். "போய்ப் பாத்துட்டு வரலாமில்ல? போற வழிதான்."

"எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லப்பா."

"பிரியாணி பத்தலன்னு கோவிச்சுக்கிட்டீகன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா? அவளா?" இன்னாசிக்குக் குரல் உயர்ந்தது. "பிரியாணிக்காக எவனாச்சும் பதினோரு வருசம் பேசாம இருப்பானா? எங்க மாமனாரு ரெண்டாம் தடவ சோறு போட்டுச் சாப்டாரு, அவருக்கே வருத்தமில்ல."

"பெறகென்ன?"

"அதச் சொன்னாக் கேவலம்."

"நான் யாருகிட்டயும் சொல்லலீங்க."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். முகம் தெரியாத ஆட்டோக்காரனிடம் சொன்னால் என்ன என்று தோன்றியிருக்க வேண்டும்.

"சமையக்காரனச் சத்தம் போட எந்திரிச்சேன். வேட்டி நுனி நாக்காலிக் காலுக்கு அடியில மாட்டியிருந்துருக்கு, நான் பாக்கல. விறுவிறுன்னு ரெண்டு எட்டு வச்சிட்டேன். வேட்டி அங்கயே நின்னுபோச்சு. பட்டாபட்டியோட நடுப்பந்தல்ல நின்னுக்கிட்டு, அது தெரியாம 'யாருக்கு மரியாத தெரியல இங்க'ன்னு கைய நீட்டிக் கேக்குறேன்."

செபமாலை எதிரே வந்த தண்ணீர் லாரியை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

"சம்பந்தகாரங்க சிரிச்சாங்க. ஃபாதர் சிரிச்சாரு. அதெல்லாம் பரவாயில்ல. கூடப் பொறந்தவ, அவ சிரிச்சா தம்பி. தூணப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. அதத்தான் என்னால தாங்க முடியல."

அவள் சிரித்தது உண்மைதான். பிரியாணி தீர்ந்த பதற்றத்தில், பந்தியைப் பார்க்கிற அவசரத்தில், அரை நிமிஷம் சிரித்ததை அன்றே மறந்திருந்தாள். பதினோரு வருஷமாகப் பிரியாணிச் சட்டிக்காக மன்னிப்புக் கேட்டு அனுப்பியிருக்கிறாள். இப்போது பந்தல் நடுவில் கோடு போட்ட பட்டாபட்டியோடு கையை நீட்டி நின்ற அண்ணன் அப்படியே கண் முன்னால் வந்தார்.

அடக்கிப் பார்த்தாள். தோள் குலுங்கியது. மாதாவே என்றாள். முடியவில்லை. மூச்சை உள்ளுக்கு இழுத்து விக்குகிற அவளுடைய சிரிப்பு குல்லாவைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. வண்டி நெளிந்தது. ஓரங்கட்டி, ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, கைப்பிடி மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு விக்கி விக்கிச் சிரித்தாள்.

பின்னாலிருந்து மெல்லக் கேட்டது. "செபாவா?"

குல்லாவைக் கழற்றினாள். "ஆமாண்ணே."

"இப்பவும் சிரிக்கிற."

"சிரிக்காம என்ன செய்யட்டும்? நீ சொல்றப்ப அப்படியே கண்ணுல வந்து நிக்கிற" என்றவள், சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். இறங்கிப் பின்னால் போய் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். "தப்புத்தாண்ணே. நீ வேட்டியில்லாம நின்னப்ப ஓடிவந்து துண்டப் போட்டுவிட்டிருக்கணும் நான். சிரிச்சது தப்பு."

இன்னாசி கையை நீட்டி அவள் தலையைத் தேடினார். குல்லா போட்டிருந்ததில் முடி கலைந்து நின்றது. அதைத் தடவித் தடவிச் சரி செய்தார். உதடு கோணியது. அழப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவரும் சிரித்தார்.

"அந்த ஃபாதர் இன்னும் இருக்காரா இங்க?"

"மாத்திப் போய்ட்டாருண்ணே."

"நல்லது. அவரு மூஞ்சியில மறுபடியும் முழிக்க முடியாது."

செபமாலைக்கு ஒன்று கேட்டே ஆக வேண்டியிருந்தது. "அண்ணே, தெனமும் காலையில அஞ்சு மணிக்கு ஒனக்கு என்ன தோணும்?"

இன்னாசி உண்மையாகவே யோசித்தார். "ஒண்ணுக்கு வரும்."

"வேற?"

"அதுக்கு எந்திரிச்சு வெளிய வந்தா ஒன் நெனப்பு வரும். அதோட தூக்கம் போயிரும். ஏன் கேக்குற?"

"சும்மாதாண்ணே" என்று எழுந்து, முன்னால் போய் வண்டியைக் கிளப்பினாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் மறுநாளே ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் என்றார்கள். துணைக்கு யார் என்று கேட்ட நர்ஸிடம் செபமாலை முந்திக்கொண்டு "நாந்தான்" என்றாள். உறவு என்ற இடத்தில் 'உடன்பிறந்த தங்கை' என்று முழுதாக எழுதினாள். தங்கை என்றால் போதும் என்று நர்ஸ் சொல்லியும் அடிக்கவில்லை. மறுநாள் ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போது இன்னாசி அவள் கையை விடவில்லை. "பயமாருக்கு செபா" என்றார், யாருக்கும் கேட்காதபடி.

"என் ஆளையும் ஒங்கூட உள்ள அனுப்புறேன். ஒன் ஆளோட சேந்து ரெண்டு பேரு. டாக்டரோட ஆளு ஒண்ணு. மூணு பேரு நிக்கிறப்ப என்ன பயம்?"

"இன்னும் நீ அந்த வகுப்புப் பாடத்த விடலையா?" என்று கேட்டுக்கொண்டே அவர் உள்ளே போனார். போகும்போது கால் தடுமாறவில்லை.

அதற்கு அடுத்த நாள் கட்டுப் பிரித்ததும் அவர் முதலில் பார்த்தது தங்கையைத்தான். கண்ணைக் கொட்டிக் கொட்டி ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்மா இப்புடிக் கறுத்துட்ட?"

"வெயில்ல வண்டி ஓட்டுனா செவப்பாவா ஆவேன்?"

வாசலுக்கு வந்ததும் மலைக்கோட்டையைக் கண்டு நின்றுவிட்டார். மலையைக் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது என்றார். தொப்பம்பட்டியிலிருந்து ஓடிவந்த மலர்விழி, ஆஸ்பத்திரிப் படியிலேயே செபமாலையைக் கட்டிக்கொண்டாள். "அம்மிணி, நானும் எத்தன சொல்லிப் பாத்தனுங்க. வாயத் தொறக்கவே மாட்டாருங்க. என்ன கோவம்னு எனக்கே இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க" என்றாள். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஆனால் சொல்லவில்லை.

பிலவேந்திரனிடம் மட்டும் செபமாலை எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"மச்சான் பஸ்ஸ விட்டு எறங்கி மொதல்ல நின்ன ஆட்டோவுல ஏறுனாரு. இதுல சம்மனசு எங்க வந்தாரு?"

"மொதல்ல என்னைய நிறுத்துனது யாரு? அந்த நேரத்துல நான் என்னைக்குங்க ஸ்டாண்டுல நின்னுருக்கேன்?"

"அப்ப டீச்சருக்குக் காய்ச்சலக் குடுத்ததும் ஒஞ் சம்மனசா?"

செபமாலை வெஞ்சனக் கரண்டியோடு நின்று யோசித்தாள். நர்கீஸ் டீச்சரைப் படுக்க வைத்துத் தன் காரியத்தை முடித்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

"காய்ச்சலக் குடுத்தது கொசு. சும்மா கெடந்த நேரத்துல என்னைய அங்க கொண்டாந்து விட்டது அவரு" என்று தீர்த்துச் சொன்னாள். அன்று மாலையே ஒரு தூக்கில் மிளகு ரசமும் கொஞ்சம் குழைந்த சோறும் எடுத்துக்கொண்டு பேகம்பூருக்குப் போய் டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மூன்று பேருமாகத் தொப்பம்பட்டிக்குப் பஸ் ஏறினார்கள். காந்திகிராமத்தில் படிக்கும் பவித்ராவுக்கு மாமன் வீடு மங்கலாகத்தான் நினைவிருந்தது. இருபது வயதுப் பெண்ணை மாமன் வாசலில் நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, "புதுநன்மைக்கு வெள்ளக் கவுன் போட்டு நின்ன புள்ளையா இது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மலர்விழி கோழி அடித்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் இன்னாசி எல்லோரையும் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு முருங்கை மரமாகக் காட்டினார். அடுத்த கண்ணுக்கு மாசி மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் இந்த ஒரு கண்ணால் இன்னும் எதையெல்லாம் பார்ப்பது என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். பிலவேந்திரன் தோளில் ஒரு கட்டு முருங்கைக்காய், பவித்ரா கையில் மலர்விழி கொடுத்த முறுக்குப் பை. தூரத்தில் ஒரு பஸ் வளைவு திரும்புவதற்குள் இன்னாசி நெற்றியில் கை வைத்துக்கொண்டு, "பழனி" என்றார். அது பழனி பஸ்தான். அடுத்ததற்கு "தாராபுரம்" என்றார். பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரர் ஒருவர் தன் பஸ் வருகிறதா என்று அவரிடமே கேட்க ஆரம்பித்தார். இன்னாசி அவருக்காகவும் பார்த்துச் சொன்னார்.

"ஒட்டன்சத்திரம் வழி திண்டுக்கல்" என்று கடைசியாக வந்த பஸ்ஸை, போர்டில் சின்ன எழுத்தில் இருந்ததையும் விடாமல் படித்தார். செபமாலை ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். கீழே நின்ற அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பொங்கலுக்கு நான் வாரேன். மலரையும் கூட்டியாரேன்."

"வா. நானே ஸ்டாண்டுல நிப்பேன். வேற ஆட்டோவுல ஏறிறாத."

"மாப்ள, காயப் பாத்துப் புடிங்க, ஒடிஞ்சிரும்" என்று பிலவேந்திரனுக்கு ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அவர் கம்பியை விட்டார். பஸ் கிளம்பியது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் பவித்ரா முறுக்குப் பையைப் பிரித்து அம்மாவுக்கு ஒன்றும் அப்பாவுக்கு ஒன்றும் கொடுத்தாள். காயையும் முறுக்கையும் ஒரே நேரத்தில் பிடிக்கத் தெரியாமல் பிலவேந்திரன் தவித்தான். செபமாலை முருங்கைக் கட்டை வாங்கித் தன் மடியில் கிடத்திக்கொண்டு, காற்று முகத்தில் அடிக்க முறுக்கைக் கடித்தாள்.